எட்டரை ஆண்டுகளின் பின்

திருகோணமலையிலே பரிசுத்த ஸ்தேவான் சேமக்காலை என்று பழைய சேமக்காலை ஒன்று உண்டு. கடல் கடந்து வந்து, மீண்டும் தாயகம் திரும்பாத ஆங்கிலேயர் பலர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின். 1852ஆம் ஆண்டிலே இரண்டாம் பர்மியப் போர் நடந்தபொழுது, கீழைக்கடற் பகுதியிலிருந்த பிரித்தானியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அவர், ஐராவதி ஆற்றிலே நின்ற கப்பலில் வாந்திபேதி கண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 73. அவருடைய கல்லறை திருகோணமலையிலே இருக்கிறது.

சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் பெயரை இன்று பலர் அறியார். ஆனால் அவருடைய தமக்கையின் பெயரை உலகம் அறியும். ஆங்கில நாவல் இலக்கியத்தின் முதல்வரிசையில் வைத்துப் போற்றப்படும் ஜேன் ஒஸ்ரினே அவர். 1801ஆம் ஆண்டிலே இளங் கடற்படை அதிகாரியாயிருந்த சாள்ஸ், பகைக்கப்பல்களைப் பிடித்ததனாற் கிடைத்த பணத்தில் தம் தமக்கையர் இருவருக்கும் புட்பராகக் கற்சிலுவைகளும் பொற்சங்கிலிகளும் வாங்கிக் கொடுத்தார். அச்சிலுவைகள் இங்கிலாந்தின் சோட்டன் என்னுங் கிராமத்திலே, ஜேன் வாழ்ந்த வீட்டில் இன்றும் பேணப்படுகின்றன. தமையனும் தம்பியுமாக இருவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அவர்களின் கடிதங்களை எதிர்பார்த்திருந்த குடும்பம் அது. கடலிலிருந்து திரும்பும் ஒருவனையும், கரையிலே காத்திருந்த ஒருத்தியையும் பற்றி ஜேன் ஒரு நாவல் எழுதினார் என்றால், அதில் வியப்பில்லை.

அந்நாவலின் பெயர் 'பேர்சுவேஷன்'. பிறர் எடுத்துச் சொல்லும் சொல்லுக்கு மனம் இணங்குதல் என்று அதற்குப் பொருள் கூறலாம். 1815ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முடிக்கப்பட்ட இதுவே அவர் எழுதி நிறைவு செய்த கடைசி நாவல். 1817 யூலை 18ஆம் நாள், தமது 41ஆம் வயதிலே, அவர் இறந்தார். நூல் அவ்வாண்டு டிசெம்பரிலேதான் வெளிவந்தது. வாழ்நாள் முழுதும் தம் பெயரை நூல்களில் அச்சிடாதிருந்த ஆசிரியை இன்னார் என்பதை, அந்நூலின் முன்னே சேர்த்த குறிப்பிலே தமையனார் ஹென்றி உலகுக்கு அறிவித்தார்.

பிரிந்துபோன காதலர் பல்லாண்டுகளின் பின் ஒரு சிற்றூரிலே மறுபடி சந்திக்கும் கதைகள் இன்று ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே பெருகிவிட்டன. அவற்றிற்கெல்லாம் மூத்த கதை இது. மூத்தது மட்டுமன்று, இரண்டாம் வாய்ப்பு என்பது உண்மையில் யாது என்ற கேள்விக்கு இக்கதை கூறும் விடை, அதன் வழித்தோன்றல்கள் பலவற்றின் விடையிலும் ஆழமானது.

கதையின் வேர் 1806ஆம் ஆண்டுக் கோடையிலே இருக்கிறது. சொமசெற் மாவட்டத்திலுள்ள கெலிஞ்ச் மாளிகைக்கு உரியவர் சேர் வால்ற்றர் எலியட். தம் குலப்பெருமை எழுதப்பட்ட ஏட்டையும், தம் முகம் தெரியும் கண்ணாடியையும் அன்றி வேறெதையும் மதியாதவர். அவருக்குப் பெண்மக்கள் மூவர். நடுப்பெண் ஆன். தாய் இறந்தபின் அவளிடம் உண்மையன்பு பாராட்டியவர் தாயின் தோழியாகிய ரசல் சீமாட்டி ஒருவரே.

அக்கோடையிலே பிரெடெரிக் வென்ற்வேர்த் என்னும் இளங் கடற்படை அதிகாரி, அயலூரில் மதகுருவாயிருந்த தன் தமையனிடம் வந்து தங்கினான். அவ்வாண்டுத் தொடக்கத்திலே சந்தோ டொமிங்கோ கடற்போரில் ஆற்றிய பணிக்காகப் பதவி உயர்வு பெற்றவன். ஆனால் கையிலே கப்பலும் இல்லை, பணமும் இல்லை. அதே போரிலே ஜேன் ஒஸ்ரினின் தமையன் பிரான்சிஸ் ஒரு கப்பலுக்குத் தலைவராய் நின்றார் என்பது வரலாறு. ஆனுக்கு வயது 19. இருவரும் விரும்பினர், மணம் செய்வதென உறுதி செய்துகொண்டனர்.

தந்தை தடுக்கவில்லை, ஆனால் முகங்கொடுக்கவுமில்லை. ரசல் சீமாட்டியோ அன்போடு தடுத்தார். குலமும் அழகும் அறிவும் உடைய பெண் ஒருத்தி, நாளை என்ன ஆவானென்று தெரியாத ஒருவனை நம்பி, போர்க்காலத்திலே, ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பதா என்று கேட்டார். இவ்வறிவுரையில் தீமை இல்லை. ஜேனின் சொந்தத் தமக்கை கசாண்ட்ராவுக்கு மணமகனாக உறுதி செய்யப்பட்டவர், மணஞ் செய்யப் போதிய வருவாயின்றி, படைகளோடு மதகுருவாக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, 1797ஆம் ஆண்டிலே அங்கே காய்ச்சலால் இறந்தார். கசாண்ட்ரா கடைசிவரை மணஞ் செய்யவில்லை. ரசல் சீமாட்டியின் அச்சம் வீண் அச்சமன்று என்பதை ஒஸ்ரின் குடும்பம் நன்கறியும்.

ஆன் இணங்கினாள். தன் நலத்துக்காக மட்டுமன்று; தான் அவனுக்கு ஒரு சுமையாகிவிடக்கூடாது என்றும் அவள் எண்ணினாள். அவ்வெண்ணமே பிரிவைத் தாங்கும் வலிமையை அவளுக்குக் கொடுத்தது. வென்ற்வேர்த் அதனை அறியவில்லை. தன்னைக் கைவிட்டாள், பிறர் சொல்லுக்கு வளைந்தாள் என்று மட்டுமே அவன் கண்டான். சினத்தோடு நாட்டை விட்டுச் சென்றான்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஆனின் முகப்பொலிவு மங்கியது. 22ஆம் வயதில் அயலிலுள்ள நிலக்கிழாரின் மகன் சாள்ஸ் மஸ்குரோவ் அவளை மணஞ் செய்யக் கேட்டான். அம்முறை அவள் எவரிடமும் அறிவுரை கேட்கவில்லை, தானே மறுத்தாள். அவன் அவளுடைய தங்கை மேரியை மணந்தான். வென்ற்வேர்த்தோ கடலிலே வெற்றிமேல் வெற்றி கண்டான். அக்காலத்திலே பகைவர் கப்பலைப் பிடித்தால், அதனை விற்ற பணம் பிடித்தவர்களுக்கிடையே பங்கிடப்படும். அதிலே கப்பற்றலைவனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வகையில் அவன் 25,000 பவுண் சேர்த்தான்.

1814ஆம் ஆண்டிலே நெப்போலியன் முடிதுறந்தான், சமாதானம் வந்தது, கடற்படையினர் கரைக்குத் திரும்பினர். அதே வேளையிலே வீண்செலவால் கடன்பட்ட சேர் வால்ற்றர் தம் மாளிகையை வாடகைக்கு விட நேர்ந்தது. குலப்பெருமையால் உயர்ந்தவன் இறங்குகிறான். உழைப்பால் உயர்ந்தவன் அவ்வீட்டிலே குடியேறுகிறான். வாடகைக்கு வந்தவர் குறொவ்ற் என்னும் கடற்படைத் தளபதி. அவருடைய மனைவி வென்ற்வேர்த்தின் உடன்பிறந்தவள். ஆகவே, மறக்க முயன்ற மனிதன் மறக்க முடியாத வீட்டுக்கே விருந்தினனாக வருகிறான். தற்செயல் என்று தோன்றும் இச்சந்திப்பின் பின்னே ஒரு நாட்டின் போரும் ஒரு குடும்பத்தின் கடனும் நிற்கின்றன.

சிற்றூர் என்பது இக்கதைக்கு வெறும் பின்னணியன்று. பெருநகரிலே பிரிந்தவர் ஒருவரையொருவர் விலகி வாழலாம். மூன்று மைல் தூரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பங்களே உள்ள இடத்திலே விலகவும் முடியாது. எல்லாருடைய கண்ணும் காதும் சூழ்ந்திருப்பதனால் மனம்விட்டுப் பேசவும் முடியாது. அவர்களுடைய பழைய உறவை அறிந்தவர் மிகச் சிலர். ஆதலால் ஒருவர் மற்றொருவரோடு பேசுவதில்லை. ஒருவர் பிறரோடு பேசுவதை மற்றவர் கேட்கிறார். இந்நாவலின் முக்கியமான திருப்பங்கள் இவ்வாறே நிகழ்கின்றன.

முதற் சந்திப்பின் பின், ஆன் தனக்கு அடையாளமே தெரியாதபடி மாறிவிட்டாள் என்று அவன் கூறியதைத் தங்கை மேரி யோசனையின்றி அவளிடமே சொல்லிவிடுகிறாள். பின்னொருநாள் எல்லாரும் வயல்வழியே நடந்து செல்லும்போது, வேலிக்கு அப்பால், அவன் மஸ்குரோவின் தங்கை லூயிசாவோடு பேசுவது ஆனின் காதில் விழுகிறது. மரத்திலிருந்து பறித்த ஒரு கொட்டையைக் காட்டி, இதனைப்போல் உறுதியாயிருப்பவளே மகிழ்ச்சி அடைவாள் என்கிறான். எவருடைய சொல்லுக்கும் தான் வளையமாட்டேன் என்று லூயிசா பெருமை பேசுகிறாள். அப்பேச்சிலே மறைந்திருக்கும் குற்றச்சாட்டு யாருக்கு என்பதை ஆன் அறிவாள்.

ஆயினும் அவன் செயல்கள் அவன் சினத்துக்கு மாறாக நடக்கின்றன. நோயுற்ற பிள்ளையொன்றைப் பார்த்துக்கொண்டு முழந்தாளிட்டிருக்கும் ஆனின் முதுகிலே, அதன் இளைய சகோதரன் தொங்கி அலைக்கழிக்கிறான். திடீரென்று அச்சுமை நீங்குகிறது. வென்ற்வேர்த் ஒரு சொல்லும் பேசாமல் வந்து குழந்தையை எடுத்துவிட்டான். அந்த நடைப்பயணத்தின் முடிவில் அவள் களைத்திருப்பதைக் கண்டு, தன் சகோதரியின் குதிரைவண்டியிலே அவளை ஏற்றிவிடுகிறான். அவன் மன்னிக்கவில்லை, ஆனால் அவள் துன்புறுவதையும் பார்த்திருக்க அவனால் முடியவில்லை. காதல் முற்றாகச் செத்துவிடவில்லை என்பதற்கு ஆசிரியை தரும் சான்றுகள் இத்தகைய சிறு செயல்களே.

இவ்விடத்திலே கதை லைம் றீஜிஸ் என்னும் கடற்கரைச் சிறுநகருக்குச் செல்கிறது. ஜேன் 1804ஆம் ஆண்டிலே குடும்பத்தோடு சென்று தங்கிய ஊர் அது. அங்கே கொப் எனப்படும் பழைய வளைந்த கல்லணை கடலுக்குள் நீண்டு துறைமுகத்தைக் காக்கிறது. அதன் செங்குத்தான படிகளிலிருந்து லூயிசா குதிக்க விரும்புகிறாள். வேண்டாமென்று வென்ற்வேர்த் தடுக்கிறான், அவள் கேட்கவில்லை, குதிக்கிறாள், கற்றரையிலே விழுந்து நினைவிழக்கிறாள். உடனிருந்தோர் திகைத்து நிற்க, வைத்தியரை அழைக்கவும், விடுதிக்குத் தூக்கிச் செல்லவும் வழி சொல்பவள் ஆன் ஒருத்தியே. பிற்காலத்திலே ஆங்கிலக் கவிஞர் தெனிசன் லைமுக்கு வந்தபோது, வரலாற்று இடங்களை விட்டு, லூயிசா விழுந்த இடத்தையே காட்டும்படி கேட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

அந்த வீழ்ச்சி வென்ற்வேர்த்துக்கு ஒரு பாடம். கொட்டையைக் காட்டி அவன் புகழ்ந்த உறுதி வெறும் பிடிவாதம் என்பதும், வளைந்தவள் என்று அவன் இகழ்ந்தவளிடமே உண்மையான மனத்திண்மை உண்டு என்பதும் அவனுக்கு விளங்குகின்றன. ஆனால் அதற்குள் லூயிசாவை அவன் மணக்கப்போகிறான் என்று ஊரார் எண்ணத் தொடங்கிவிட்டனர். அவள் பெயருக்குத் தான் களங்கம் விளைத்திருந்தால் மணப்பதே கடமை என்று அவன் அஞ்சுகிறான். நோயிலிருந்து தேறிய லூயிசா வேறொருவனுக்கு மணவுறுதி கொடுத்தபின்னரே அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. உடனே அவன், ஆனின் குடும்பம் தங்கியிருக்கும் பாத் நகருக்கு வருகிறான்.

பாத் நகரிலே ஆனுக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. தந்தையின் பட்டத்துக்கும் மாளிகைக்கும் வாரிசாகிய உறவினன் எலியட் அவளை நாடுகிறான். இனிய பேச்சும் செல்வமும் உடையவன். அவனை மணந்தால் ஆன் தன் தாய் வாழ்ந்த வீட்டின் தலைவியாகலாம். ரசல் சீமாட்டி இம்முறையும் அறிவுரை கூறுகிறார். இம்முறை அவனை ஏற்கும்படி தூண்டுகிறார். அவனுடைய கபடத்துக்குச் சான்று கிடைப்பதற்கு முன்னரே, மனந்திறந்து பேசாத அம்மனிதனை ஆன் தன் மனத்தில் மறுத்துவிடுகிறாள். பத்தொன்பது வயதில் கேட்கப்பட்ட கேள்வியை வாழ்க்கை மீண்டும் அவளிடம் கேட்கிறது, கேட்பவரும் அவரே. விடை மட்டும் அவளுடைய சொந்த விடை. வென்ற்வேர்த் மீண்டும் தன்னை விரும்புவானா என்பது உறுதியாகத் தெரியாத நிலையிலே அவள் இவ்வாறு தீர்மானிக்கிறாள் என்பதை மறத்தலாகாது.

முடிவு ஒரு விடுதி அறையிலே நிகழ்கிறது. வென்ற்வேர்த் ஒரு மேசையில் இருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தூரத்திலே ஆனும் அவனுடைய நண்பன் ஹார்விலும், நெடுங்காலம் மறவாது அன்பு செலுத்துவோர் ஆண்களா பெண்களா என்று உரையாடுகின்றனர். நூல்களெல்லாம் பெண்ணின் நிலையின்மையையே பேசுகின்றன என்கிறான் ஹார்வில். எழுதுகோல் ஆண்களின் கையிலே இருந்ததனால் அவற்றைச் சான்றாக ஏற்க முடியாது என்கிறாள் ஆன். நம்பிக்கை அற்றுப்போன பின்னும் நெடுநாள் அன்பு செலுத்துவதே பெண்ணின் தனியுரிமை என்று அவள் நெகிழ்ந்து சொல்லும்போது, அங்கே எழுதுகோல் நின்றுவிடுகிறது. அவன் வேறொரு தாளிலே தன் இதயத்தை எழுதி, அவளிடம் வைத்துவிட்டுப் போகிறான். எட்டரை ஆண்டுகளின் முன் தந்த நெஞ்சம் இன்றும் அவளுடையதே என்பது அக்கடிதத்தின் செய்தி. வேலிக்கு அப்பால் கேட்ட பேச்சு அவளைப் புண்படுத்தியது. மேசையருகே கேட்ட பேச்சு இருவரையும் ஆற்றியது.

இக்காட்சி முதலில் இவ்வாறு எழுதப்படவில்லை. முதற்படியிலே குறொவ்ற் தளபதியின் ஏவலால், எலியட்டை மணக்கப்போவது உண்மையா என்று வென்ற்வேர்த் ஆனிடம் நேரே கேட்கிறான்; இல்லையென்று அவள் சொல்ல, இருவரும் கூடிவிடுகின்றனர். எழுதியது ஆசிரியைக்கு நிறைவு தரவில்லை. அவ்வதிகாரத்தை நீக்கி, 1816ஆம் ஆண்டிலே புதிதாக எழுதினார். நீக்கப்பட்ட தாள்கள் இன்று பிரித்தானிய நூலகத்திலே உள்ளன. அவர் எழுதி முடித்து வெளிவந்த நாவல்களுள் வேறெதற்கும் கையெழுத்துப்படி எஞ்சவில்லை. அம்மாற்றத்தின் பொருள் எளியது. முதற்படியில் ஆன் கேள்விக்கு விடை சொன்னாள். இரண்டாம் படியில் அவளாகவே பேசுகிறாள். தன் மனத்தைத் தானே சொல்ல அறிந்த பெண்ணுக்கே இரண்டாம் வாய்ப்பு உரியது என்று ஆசிரியை கருதினார் போலும்.

கூடியபின் இருவரும் கணக்குப் பார்க்கின்றனர். ரசல் சீமாட்டியின் அறிவுரை தவறானது என்று ஆன் ஒப்புக்கொள்கிறாள். அந்நிலையில் ஓர் இளம்பெண்ணுக்குத் தான் அத்தகைய அறிவுரையைக் கூறமாட்டேன் என்கிறாள். எனினும், தாயின் இடத்தில் நின்றவரின் சொல்லுக்குப் பணிந்தது தவறன்று என்றும், பணியாதிருந்தால் மனச்சாட்சி தன்னை உறுத்தியிருக்கும் என்றும் கூறுகிறாள். பெரியோர் சொல் பிழைக்கலாம். அதனைக் கேட்ட பிள்ளையின் பணிவு பிழையாகாது. அதே வேளையில், சொல்பவர் தம் சொல்லின் பாரத்தை உணரவேண்டும். ஜேன் அதனை உணர்ந்திருந்தார். 1814 நவம்பரிலே அண்ணன் மகள் பனி, தன்னை விரும்பிய ஒருவரை ஏற்கலாமா என்று அவரிடம் கேட்டாள். ஜேன் இரு பக்கத்தையும் எடுத்துக்காட்டியபின், தம் கருத்தை மட்டும் நம்பி எதனையும் தீர்மானிக்க வேண்டாமென்று கலங்கி எழுதினார். இந்நாவலைத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டிலேதான்.

அடுத்தது வென்ற்வேர்த்தின் கணக்கு. அவன் ஒரு கேள்வி கேட்கிறான்: 1808ஆம் ஆண்டிலே சில ஆயிரம் பவுணும் நல்ல கப்பலும் கிடைத்து இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, நான் உனக்குக் கடிதம் எழுதியிருந்தால் நீ விடை எழுதியிருப்பாயா? எழுதியிருப்பேன் என்பதே அவள் விடை. அப்பொழுதுதான் அவனுக்கு உண்மை வெளிக்கிறது. எட்டரை ஆண்டுகளில் முதல் இரண்டு ஆண்டுகளே ரசல் சீமாட்டியால் வந்தவை. எஞ்சிய ஆறாண்டுப் பிரிவும் துன்பமும் அவனுடைய சொந்தச் செருக்கால் வந்தவை. இத்தனைநாள் பிறர்மேல் ஏற்றிவைத்த பழியைத் தன்மேல் ஏற்கிறான். ரசல் சீமாட்டியை மன்னிக்கவும் அவனால் இப்பொழுதே முடிகிறது.

இரண்டாம் வாய்ப்பு ஏதோ நல்லூழால் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வது என்று எண்ணுவோர்க்கு இந்நாவல் தரும் விடை இது. வாய்ப்பு ஆறாண்டுகளாக அங்கேயே இருந்தது. எழுதப்படாத ஒரு கடிதமே இடையில் நின்றது. போரும் சமாதானமும் வாடகை வீடும் அவர்களை அருகருகே கொண்டுவரலாம். அதற்குமேல் செய்யவேண்டியதை அவர்களே செய்யவேண்டும். முன்பு தன் மதியை நம்பாதவள் இப்பொழுது அதனை நம்பவேண்டும். முன்பு செருக்கால் வாய் மூடியவன் இப்பொழுது பணிந்து பேசவேண்டும்.

நாவலின் முடிவிலே ஆனுக்கு மாளிகையும் நிலமும் கிடைப்பதில்லை. கடலோடியின் மனைவி என்ற பெயரும், மீண்டும் போர் மூளுமோ என்ற அச்சமும் கிடைக்கின்றன. அதனை அவள் பெருமையாகவே ஏற்கிறாள். இளமையிலே விவேகத்துக்கு இணங்க நேர்ந்து, வயது வந்தபின் காதலைக் கற்றுக்கொண்டவள் அவள் என்று ஆசிரியை ஓரிடத்திலே குறிப்பிடுகிறார். மேற்கிந்தியக் கடலுக்கு அப்பால் தம் காதலரை இழந்து, இரண்டாம் வாய்ப்பே இல்லாது வாழ்ந்த கசாண்ட்ரா, தங்கை இறந்தபின் அந்நூலைப் படித்தபோது, தம் பிரதியின் ஓரத்திலே தங்கையை அன்போடு விளித்து, அவ்விடம் பொன்னெழுத்திலே பொறிக்கத்தக்கது என்று எழுதிவைத்தார். இந்நூலைப் பற்றி எத்தனையோ அறிஞர் எழுதியுள்ளனர். அந்த ஓரக்குறிப்பை எழுதிய கைக்கு அதன் உண்மை தெரிந்திருந்தது.